களவும் கற்பும்: மூதறிஞர் இராஜாஜியின் வாழ்வும் எழுத்தும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கன்னட நாட்டிற்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் ஓசூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் இது. இன்று பேருந்தும் மோட்டார் வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகளால் உலகறிந்த தொழில் நகரமாக விளங்குகிறது. அவ்வாலைகளின் சங்கொலி எட்டும் தொலைவிற்குச் சற்று அப்பால் தொரப்பள்ளி அக்கிரகாரம் என்னும் சிற்றூர் உள்ளது. பழைய சேலம் மாவட்டத்தின் ஒரு மூலையில் கிடந்த அவ்வூரில் முன்சீப்பாக இருந்த சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்காருக்கும் சிங்காரம்மாளுக்கும் 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் மூன்றாவது மகனாகப் பிறந்தவரே இராஜகோபாலாச்சாரியார். அப்பிள்ளை பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராகத் தில்லி மாளிகையில் வீற்றிருப்பார் என்று அவ்வூரார் எவரும் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

அவரது அரசியலை ஆராய்ந்து எழுதப்பட்ட நூல்கள் பல. அவற்றைப் போற்றுவோரும் தூற்றுவோரும் தமிழகத்தில் இன்றும் உளர். தமிழ்த்துறையின் இம்மலரில் நாம் வேறொரு வழியே அவரை அணுக விழைகின்றோம். காதலைப் பாடாத இலக்கியம் நம்மிடம் இல்லை. சங்கச் சான்றோர் அகம் என ஒரு தனித் துறையே வகுத்தனர். எனினும், அக்காதல் இல்லறமாக மலர்ந்தபின் அடுப்படியிலும், கடன் பத்திரத்திலும், நோய்ப் படுக்கையிலும் என்னவாகின்றது என்னும் வினாவிற்கு விடைகூறும் பாட்டு அரிது. இராஜாஜி தம் வாழ்விலும் எழுத்திலும் திரும்பத் திரும்பச் சந்தித்த வினா அதுவே என்பது நம் கருத்து.

ஓசூரில் தொடக்கக் கல்வி, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டம், சென்னையில் சட்டம் என அவரது கல்வி விரைவாக நிறைவெய்தியது. 1897ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது பத்தொன்பது நிறையவில்லை. மணமகள் அலமேலு மங்கம்மாளுக்கோ வயது பத்து. ஆங்கிலக் கவிஞர்களின் காதற் கவிதைகளையும் நாடகங்களையும் கற்றுத் தேர்ந்த ஒரு பட்டதாரிக்கு, பாவாடை கட்டிய ஒரு சிறுமி மனைவியாக வாய்த்தாள். அக்காலத்தில் இஃது எவர்க்கும் வியப்பூட்டிய செய்தியன்று. சிலப்பதிகாரக் கண்ணகிக்கும் மணநாளில் பன்னிரண்டு வயதே ஆகியிருந்தது என்பதை வகுப்பில் கூறும்போது நம் மாணவியர் ஒருவரையொருவர் நோக்கிக் கொள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். காப்பியத்தில் அவ்வயது ஓர் அழகிய எண்ணாக நின்றுவிடுகின்றது. வாழ்வில் அவ்வாறு நிற்பதில்லை. மங்கம்மாள் பதின்மூன்று வயதில் தாயானார். பெண்ணின் இசைவு வயதைப் பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டமே பெரும் எதிர்ப்பின் நடுவில் நிறைவேறிய காலம் அது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இராஜாஜிக்குப் புகழும் பொருளும் ஒருங்கே வந்தன. 1911இல் நகராட்சி உறுப்பினரானார். 1917இல் அதன் தலைவரானார். இடைப்பட்ட அவ்வாண்டுகளில் அவரது இல்லத்தில் மூன்று ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் வளர்ந்தனர். ஆனால், அவ்வில்லறம் நீடிக்கவில்லை. முப்பது வயது நிறையும் முன்னரே மங்கம்மாள் நோயுற்று மறைந்தார். அப்போது இராஜாஜி நாற்பதைத் தொடவில்லை. கடைக்குட்டிகள் தாயின் முகத்தை நினைவிற் பதித்துக்கொள்ளும் பருவத்தையும் எய்தவில்லை.

மனைவியை இழந்த ஆடவர், அதிலும் செல்வமும் செல்வாக்கும் உடையவர், ஓராண்டு கழியுமுன் மறுமணம் செய்துகொள்வது அந்நாளைய வழக்கம். குழந்தைகளைப் பேண ஒருத்தி வேண்டாமா என்பதே உற்றார் கூறும் முதற் காரணமாக இருக்கும். அதே வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கோ தலைமழித்தலும் மூலையிருக்கையுமே விதிக்கப்பட்டன. இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட ஏனைய வாழ்நாளையும் தனியராகவே கழித்தார். இதனைத் துறவு என்றோ காதலின் உறுதி என்றோ அவர் தாமே விளம்பிக்கொண்டதில்லை. மனைவியைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். ஷாஜகான் மாளிகை எழுப்பினார். இவர் ஒரு பக்கம்கூட எழுப்பவில்லை என்று குறைகூறுவோர் இருக்கலாம். நாமோ, அவர் பிற்காலத்தில் எழுதிய சிறுகதைகளில் மங்கம்மாளின் நிழல் ஆங்காங்கே படிந்துள்ளதாகவே கருதுகின்றோம். அக்கதைகளில் துன்புறுபவள் பெரும்பாலும் வாய்திறவாத ஓர் இளம் மனைவியாகவே இருத்தல் தற்செயலன்று.

1919இல் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்ததும், காந்தியடிகளைச் சந்தித்ததும், ஒத்துழையாமையின்போது வருவாய் மிகுந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்ததும், 1921 இறுதியில் வேலூர்ச் சிறை புகுந்ததும் பலரும் அறிந்த வரலாறு. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். தாயில்லா மக்களுடன் அங்குக் குடிசையில் வாழ்ந்தார். நூல் நூற்றலும், தீண்டாமை ஒழிப்பும், மதுவிலக்கும் அவ்வாசிரமத்தின் அன்றாடப் பணிகள். சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் கள்ளுக்கடை எவ்வாறு குடும்பங்களை அழிக்கின்றது என்பதை அவர் கண்ணாரக் கண்டது இங்குத்தான். 1929இல் அவர் தொடங்கிய விமோசனம் என்னும் மதுவிலக்கு இதழில் துணையாசிரியராகப் பணியாற்றியவர் பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி. தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் இவ்விதழுக்குரிய இடத்தை நம் பாடநூல்கள் இன்னும் முறையாக அளந்து கூறவில்லை.

இனி, அவரது குடும்ப வாழ்வின் மிகப் பெரிய நிகழ்ச்சிக்கு வருவோம். 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் உடல்நலங் குன்றி, மருத்துவர் அறிவுரைப்படி நந்தி மலையிலும் பின்னர்ப் பெங்களூரிலும் சில திங்கள் ஓய்வு கொண்டார். ஓசூருக்கு அண்மையிலுள்ள அந்நகரில் அடிகளைப் பேணும் பொறுப்பை மேற்கொண்டவர் இராஜாஜி. அக்காலத்தை ஒட்டியே அடிகளின் இளைய மகன் தேவதாஸுக்கும் இராஜாஜியின் மகள் இலட்சுமிக்கும் உள்ளங்கள் ஒன்றுபட்டன. இலட்சுமிக்கு வயது பதினைந்து. தேவதாஸ் அவரினும் பன்னிரண்டாண்டு மூத்தவர். அவர் குஜராத்தி வணிகர் குலம். இவர் தமிழ் வைணவ அந்தணர் குலம். தாழ்ந்த வருணத்து ஆடவன் உயர்ந்த வருணத்துப் பெண்ணை மணத்தலைப் பிரதிலோமம் எனத் தரும நூல்கள் கடிந்துரைக்கின்றன. ஆதலின், சனாதனிகள் சினந்தெழ இது ஒன்றே போதுமானதாயிருந்தது.

தந்தையர் இருவரும் எடுத்த முடிவு விந்தையானது. மறுக்கவுமில்லை, உடனே இசையவுமில்லை. ஐந்தாண்டுக் காலம் இருவரும் ஒருவரையொருவர் காணாதிருத்தல் வேண்டும். அதன்பின்னும் அன்பு மாறாதிருப்பின் மணம் செய்துவைப்போம் என்றனர். இதனைப் படிக்கும் இளைஞர்கள் இது கொடுமை எனலாம். ஒரு வகையில் கொடுமையே. பதினைந்து வயதுப் பெண்ணிடம் ஐந்தாண்டு என்பது அவள் அறிந்த வாழ்வின் மூன்றில் ஒரு பங்கு. ஆயினும், பத்து வயதுச் சிறுமியை மணந்து, பதின்மூன்றில் அவளைத் தாயாகக் கண்டு, முப்பது நிறையுமுன் அவளை இழந்த ஒருவர், தம் மகளுக்குப் பதினைந்தில் மணம் வேண்டாம் என்று கூறியதில் நாம் வேறொன்றையும் கேட்கின்றோம். குழந்தை மணத் தடைச் சட்டமாகிய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என வரையறுத்ததே 1929இல்தான். சட்டத்தினும் முற்பட்டும், சட்டத்தினும் மிகுந்தும் அத்தந்தை தம் மகளுக்குக் காலம் வாங்கித் தந்தார்.

தொல்காப்பியர் களவு என்றும் கற்பு என்றும் கைகோள் இரண்டாகப் பகுத்தார். பொய்மையும் பிழையும் உலகில் தோன்றிய பின்னரே மணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்றும் உரைத்தார். காதலின்மேல் ஐயமின்றிக் காலத்தின்மேல் ஐயங்கொண்டு எழுந்த ஏற்பாடு மணம் என்பது அதன் உட்கிடை எனலாம். இரு தந்தையரும் செய்தது ஏறத்தாழ இதுவே. அகப்பாடல் தலைவிக்குக் கார்காலம் வரை காத்திருப்பு. பாகனை விரைந்து தேர் செலுத்தச் சொல்லும் தலைவன் பாட்டின் இறுதி அடிக்குள் வந்துசேர்வான். இலட்சுமியின் காத்திருப்பில் உப்பு அறப்போர் வந்தது. 1930 ஏப்ரலில் தந்தை திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்தார், சிறை சென்றார். சட்டமறுப்பு இயக்கத்தில் தேவதாஸும் சிறை புகுந்தார். கார் கழிந்து, கூதிர் கழிந்து, ஐந்து முறை சுழன்றது பெரும்பொழுது.

இருவர் உள்ளமும் மாறவில்லை. காந்தியடிகள் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பை முடித்த சில வாரங்களில், 1933ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பூனாவில் பர்ணகுடி என்னும் இல்லத்தில் அத்திருமணம் எளிய முறையில் நிகழ்ந்தது. மணமகளுக்கு இருபத்தோரு வயது. அந்நாளைய அக்கிரகாரக் கணக்கில் அது முதிர்கன்னிப் பருவம். அத்தம்பதியர்க்குத் தாரா, இராஜ்மோகன், இராமச்சந்திரன், கோபாலகிருஷ்ணன் என நால்வர் மக்கள். அவருள் இராஜ்மோகன் காந்தி தம் தாய்வழிப் பாட்டனாரின் வரலாற்றை விரிவாக எழுதியவர். தேவதாஸ் இந்துஸ்தான் டைம்ஸ் இதழின் ஆசிரியராகப் பணியாற்றி, 1957இல் காலமானார். ஐந்தாண்டு காத்திருந்து பெற்ற இல்லறம் இருபத்து நான்கு ஆண்டுகள் நிலவியது. அதன்பின் இலட்சுமி 1983 வரை வாழ்ந்தார்.

மற்றொரு மகள் நாமகிரி அம்மாளின் கதை இத்துணை பேசப்பட்டதில்லை. அவர் கைம்மை எய்தித் தந்தையுடன் வாழ்ந்தார். இராஜாஜி தலைமை ஆளுநராகத் தில்லியில் இருந்த காலத்து அம்மாளிகையின் இல்லத்தலைவியாக விருந்தோம்பியவர் அவரே. உலகத் தலைவர்கள் வந்துசென்ற அவ்விருந்துக் கூடத்தில் தாரமிழந்த தந்தையும் கணவனையிழந்த மகளுமாக இருவர் நின்று வரவேற்றனர். ஒரே வீட்டில் காதல் மணத்தின் வெற்றியும் கைம்மையின் வெறுமையும் இருந்தன. எழுத்தாளர் ஒருவருக்கு வேறு நூலகம் வேண்டுவதில்லை.

அவரது கதைகளுள் அர்த்தநாரி என்பதனை நாம் தனியே எடுத்துக் காட்ட விரும்புகின்றோம். சேலத்துப் பக்கத்துச் சிற்றூரில் தீண்டத்தகாதார் எனப்பட்ட குலத்தில் பிறந்த இளைஞன் படித்துப் பெங்களூரில் வேலை பெறுகின்றான். உயர்குலத்து நங்கை ஒருத்தியைக் காதலிக்கின்றான். அவளிடம் தன் குலத்தை மறைக்கின்றான். குலத்தை மறைக்கவேண்டின் பெற்ற தாயையும் மறைத்தாக வேண்டுமே! கதையின் முள் அங்கேதான் தைக்கின்றது. காதலர் இருவரும் நல்லவர்கள். அவர்க்கு இடையூறாக வில்லன் எவனும் இல்லை. எனினும் அக்காதலின் ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யின்மேல் நடைபெறுகின்றது. கலப்பு மணத்தைத் தம் வீட்டிலேயே நடத்திய ஒருவர், அத்தகைய காதலைப் பூமாலை சூட்டி முடிக்காமல் இவ்வாறு எழுதியது அவரது நேர்மைக்குச் சான்று. தேவதாஸ் காந்தியின் மகன். ஊரார் எதிர்த்தாலும் அவருக்கு மறைக்க வேண்டிய தாய் இல்லை. அர்த்தநாரிக்கு இருந்தாள். இவ்வேறுபாட்டை இராஜாஜி அறிந்திருந்தார். ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் நம் பகுதி இளைஞர் பலர் இக்கதையை இன்று படித்தாலும் பழங்கதை என்று மூடிவைக்கமாட்டார்.

சிறுகதைகளைப் பிரசாரம் என ஒதுக்கும் திறனாய்வாளர் உளர். அவற்றுள் பல நீதியை முன்னிறுத்தியே எழுதப்பட்டவை என்பதை நாமும் மறுப்பதற்கில்லை. புதுமைப்பித்தனின் நுட்பமோ, கு.ப.ரா.வின் மென்மையோ இவரிடம் இல்லை. ஆயினும், கு.ப.ரா. கணவன் மனைவியரின் மனத்தடிகளைக் கண்டாரெனின், இராஜாஜி அவர்களின் வரவு செலவுக் கணக்கைக் கண்டார். வட்டிக்கு வாங்கிய நூறு ரூபாய் ஒரு தாம்பத்தியத்தை எவ்வாறு தின்னும் என்பதை அவரளவு தெளிவாகக் காட்டியவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

மொழிபெயர்ப்பாளராகவும் அவர் செய்த தேர்வுகள் ஆராய்தற்குரியவை. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தபோது அறத்துப்பாலிலிருந்தும் பொருட்பாலிலிருந்துமே குறள்களைத் தெரிந்தெடுத்தார். இருபத்தைந்து அதிகாரங்களும் இருநூற்றைம்பது குறள்களும் கொண்ட காமத்துப்பாலை முற்றாக விட்டுவிட்டார். அவருக்கு முன்னரே 1886இல் போப்பையரும் 1916இல் வ.வே.சு. ஐயரும் முப்பாலையும் ஆங்கிலப்படுத்தியிருந்தனர். 1840இல் ட்ரூ பாதிரியார் அறுபத்து மூன்று அதிகாரங்களோடு நின்றது கிறித்தவக் கூச்சத்தால் என்பர். இராஜாஜி நின்றது எதனால்? ஒழுக்கக் கூச்சம் என எளிதாகக் கூறிவிடலாம். தமிழாசிரியர் என்ற முறையில் நாம் இவ்விடத்து அவருடன் உடன்படுவதற்கில்லை. காமத்துப்பாலின் பிற்பகுதியாகிய கற்பியல் முழுவதும் பிரிவும் ஏக்கமும் ஊடலும் பற்றியது. மணந்த பின்னர் உள்ள காதலைத் தமிழில் அவ்வளவு நுணுக்கமாகப் பேசிய நூல் பிறிதில்லை. கணவனிடம் பிணங்கிய மனைவியின் ஒவ்வோர் உட்கிடையும் வள்ளுவர்க்குத் தெரிந்திருந்தது. இல்லறத்தின் உண்மை நிலையை நாடிய ஒருவர் அப்பகுதியைத் தாண்டிச் சென்றது பெருங்குறை. தாரமிழந்தவர்க்கு ஊடல் அதிகாரத்தைப் பெயர்த்தெழுதுதல் எளிதாக இருந்திராது என்று ஒரு நண்பர் நம்மிடம் கூறினார். இருக்கலாம்.

கம்பனிடத்தும் இதே போக்கு. இரசிகமணி டி.கே.சி.யின் நட்பால் கம்பனில் தோய்ந்தவர் இராஜாஜி. மிதிலை வீதியில் நடந்துசெல்லும் இராமனும் கன்னிமாடத்தில் நின்ற சீதையும் ஒருவரையொருவர் நோக்கும் காட்சி வான்மீகத்தில் இல்லாதது. கம்பன் தமிழ் அகமரபிலிருந்து எடுத்துப் பெய்தது. கம்பன் விழாக்களில் அதனைப் பேசாத நாவில்லை. அத்தகைய காதற் காட்சிகள் நிறைந்த பால காண்டத்தை விடுத்து, அயோத்தியா காண்டத்தையே அவர் ஆங்கிலத்தில் ஆக்கினார். 1961இல் அந்நூல் வெளிவந்தது. அயோத்தியா காண்டம் என்பது யாது? ஒரு முதிய கணவன் தன் இளைய மனைவிக்கு எப்போதோ கொடுத்த வரம் ஒரு குடும்பத்தைப் பிளக்கும் கதை. கணவன் காட்டிற்குப் போகும்போது மனைவி உடன்வரலாமா கூடாதா என இருவரும் வாதிடும் கதை. இலக்குவன் அண்ணனுடன் செல்ல, ஊர்மிளை அரண்மனையில் தங்கிவிடும் கதை. திருமணம் முடிந்த பின்னரே அங்கு எல்லாம் தொடங்குகின்றது.

நம் மரபிலும் இத்தகைய சான்று உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் கதீஜா நாயகியாரின் மணத்தைக் காப்பிய மரபுப்படி மாலையும் மணமுமாக விரித்துரைக்கின்றது. அவ்வம்மையார் நாற்பது வயதினர், வணிகம் நடத்தியவர், தாமே மணத்தூது விடுத்தவர் என்னும் வரலாறு அவ்வருணனைகளுக்கு நடுவே பாறைபோல் நிற்பதைக் கற்போர் காணலாம். காப்பியம் பூச்சூட்டியபோதும் வாழ்வு மறைந்துவிடவில்லை.

அரசியல் வரலாற்றைச் சுருங்கக் கூறிச் செல்வோம். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள், இந்தியாவிற்கே முன்மாதிரியாக, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தினுள் அடங்கியிருந்தன. இழந்த வருவாயை ஈடுசெய்ய விற்பனை வரியைப் புகுத்தினார். அதே ஆட்சியில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கித் தமிழறிஞர்களின் பெரும் எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். தமிழ்த்துறையினராகிய நமக்கு அது மறக்கவொண்ணாத வடு. அவரே பிற்காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து முன்னணியில் நின்றார் என்பதும் வரலாறே. 1948 முதல் 1950 வரை தலைமை ஆளுநர். 1952இல் முதலமைச்சர். அரைநாட் பள்ளிக் கல்வித் திட்டம் குலக்கல்வி என்று கண்டிக்கப்பட, 1954இல் பதவி விலகினார். 1959இல் சுதந்திராக் கட்சி. 1967 தேர்தலில் தி.மு.க.வோடும் காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக்கோடும் ஓரணியில் நின்றார்.

இவற்றினிடையே ஒரு செய்தி நம் பொருளுக்கு இயைபுடையது. 1949இல் தந்தை பெரியார் மணியம்மையாரை மணக்கக் கருதியபோது, கொள்கையில் எதிரியும் நட்பில் உறவினரும் ஆன இராஜாஜியின் கருத்தைக் கேட்டார். அவ்வாண்டு திருவண்ணாமலையில் இருவரும் தனித்துப் பேசினர். என்ன பேசினர் என்று இயக்கத்தில் புயல் எழுந்தது. இராஜாஜிதான் இம்மணத்தை மூட்டிவிட்டார் எனப் பலர் நம்பினர். அவர் வாய்திறக்கவில்லை. வயது வேறுபாட்டைக் கருதி அம்மணம் வேண்டாம் என்பதே அவர் தந்த அறிவுரை என்பது பின்னர் வெளியான கடிதத்தால் தெரியவந்தது. பழியைச் சுமந்தும் நண்பரின் குடும்பச் செய்தியை அவர் காத்தார். மணம் என்பது இருவர்க்குரிய தனிச்செய்தி என்னும் கருத்தில் அவர் எத்துணை உறுதியுடையவர் என்பது இதனால் விளங்கும்.

முதல்வர் பதவியைத் துறந்த 1954ஆம் ஆண்டிலேயே, எழுபத்தைந்து வயதில், கல்கி இதழில் இராமாயணத்தை உரைநடையில் எழுதத் தொடங்கினார். அதுவே சக்கரவர்த்தித் திருமகன். 1958இல் அந்நூல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நூற்பெயர் இராமனைக் குறிப்பதோடு ஆசிரியரின் குடிப்பெயரையும் உட்கொண்டிருப்பதை நண்பர்கள் அந்நாளில் சுவைத்திருக்கக் கூடும். வாரந்தோறும் இல்லத்தரசியர் அதனைப் படித்தனர். எளிய சொற்கள், சிறு வாக்கியங்கள், இடையிடையே பாட்டனார் பேரப்பிள்ளைகளிடம் நின்று பேசுவது போன்ற விளக்கங்கள். தமிழ் உரைநடைக்கு அது பெருங்கொடை.

பட்டாபிடேகத்தோடு அவர் நூலை நிறுத்தினார். கருவுற்ற சீதையை ஊரார் அலர் மொழிக்கு அஞ்சி இராமன் காட்டிற்கு அனுப்பும் உத்தர காண்டத்தை எழுத அவர் உள்ளம் இசையவில்லை. அதனை நூலின் முடிவுரையில் மறையாது கூறினார். அக்காண்டத்தின் அழகை அவர் மறுக்கவில்லை. ஆனால், அப்பிரிவின் கதையில் நம் நாட்டுப் பெண்களின் வாயில்லா, முடிவில்லாத் துயரமே நிழலாடுகின்றது என்னும் கருத்தை அங்குப் புலப்படுத்தினார். இராமனைத் திருமாலின் அவதாரமாக வழிபட்ட ஒரு வைணவர் இவ்வாறு எழுதியது சிறு செயலன்று. காதலர் தலைவனாகிய ஒருவனே கணவனானபின் மனைவியை ஐயுறுகின்றான். உலகின் மிகச் சிறந்த காதற்கதை உலகின் மிகக் கொடிய மணவாழ்க்கையில் முடிகின்றது. பக்தியால் அதனை நியாயப்படுத்த முயலாமல், தம் நெஞ்சு கூசுகின்றது என்று ஒப்புக்கொண்டு எழுதுகோலை வைத்தார்.

ஒவ்வோராண்டும் இப்பகுதியைப் பேசும்போது வகுப்பில் கருத்து இரண்டாகப் பிரிகின்றது. எழுதாமல் விட்டது கோழைத்தனம். சீதை பூமியிற் புகுந்த மறுப்பை எழுதியிருந்தாலன்றோ அவளுக்கு நீதி கிட்டும் என்று மாணவியர் சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் ஆற்றல் உண்டு. வாய்பேசாத் துயரத்தைச் சுட்டிவிட்டு அவளை மீண்டும் பேசவிடாமல் கதையை மூடினால், மௌனத்தின்மேல் மௌனம் ஆகாதா? நாம் அவர்களுக்கு அளிக்கும் மறுமொழி ஒன்றே: அவர் வெறுமனே விடவில்லை, விட்டதையும் விட்ட காரணத்தையும் அச்சேற்றினார். வாரந்தோறும் படித்து இராமனை மனத்தில் இருத்திக்கொண்ட ஆயிரமாயிரம் வாசகர்முன் அக்காரணத்தை வைத்தார். நாவலந்தீவில் எத்தனையோ பேர் உத்தர காண்டத்தை இடைச்செருகல் என்று கூறித் தப்பித்துக்கொண்டனர். இவர் வலிக்கின்றது என்று கூறினார். மாணவியர் இம்மறுமொழியால் முற்றும் நிறைவுறுவதில்லை என்பதையும் கூறிவிட வேண்டும்.

அவர்கள் நிறைவுறாமைக்குக் காரணம் உண்டு. 2004இல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரியில், மலையோரச் சிற்றூர்களில், பதினெட்டு நிறையாப் பெண்களுக்கு மணமுடிக்கும் வழக்கம் இன்னும் அற்றொழியவில்லை. ஒருபுறம் தொழிற்பேட்டையில் நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் சீருடையணிந்து பேருந்திலிருந்து இறங்குகின்றனர். மறுபுறம் தேர்வுக்கு ஒரு திங்கள் இருக்கும்போது மணவழைப்பிதழுடன் வந்து நிற்கும் மாணவிக்கு நாம் வாழ்த்துக் கூறுவதா, வருந்துவதா என்று திகைக்கின்றோம். வாங்கித் தந்த ஐந்தாண்டுகளைப் பற்றி நாம் மேலே எழுதியது இதனை நினைந்தே.

1971இல் தமிழகத்தில் மதுவிலக்குத் தளர்த்தப்படவிருந்தபோது, தொண்ணூறு கடந்த அம்முதியவர் அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதியின் இல்லத்திற்கே சென்று, வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். வேண்டுகோள் பலிக்கவில்லை. மறு ஆண்டு, 1972 டிசம்பர் 25ஆம் நாள், சென்னையில் காலமானார். மங்கம்மாள் மறைந்து அரை நூற்றாண்டிற்கு மேல் ஆகியிருந்தது.

அவர் எழுதிய திக்கற்ற பார்வதி என்னும் நெடுங்கதை அதன்பின் திரைப்படமாயிற்று. ஒருவரையொருவர் நேசிக்கும் உழவர் குடும்பத்துக் கணவனும் மனைவியும் கடன் வாங்கி ஒரு வண்டி வாங்குகின்றனர். குழந்தை இறக்கின்றது. கணவன் குடியில் வீழ்கின்றான். கடன் பெருக, வட்டிக்குக் கொடுத்தவனின் கண் பார்வதியின்மேல் விழுகின்றது. கணவன் சிறை செல்ல, அவள் திக்கற்றவளாகின்றாள். இருவரின் அன்பும் தொடக்கத்தில் பொய்யில்லை என்பதே அக்கதையின் துயரம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் இலட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்து 1974இல் வெளிவந்த அப்படம், சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. பார்வதியும் அவள் கணவனும் வண்டியோட்டிச் செல்லும் அச்சிற்றூர்த் தெருக்களைப் படமாக்க இயக்குநர் தேர்ந்த ஊர் தொரப்பள்ளி.